பெரட்டுக்கு வராத மின்னஞ்சல்கள்

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து மேட்டுப் பாதையில் ஏறினால் மஞ்சள் நிறத்தில் ஒரு மாடிக் கட்டடம் தெரியும். 'மலைநாட்டு லயக் குடியிருப்பு மாற்றீட்டு ஒருங்கிணைப்புச் சபை' என்று மூன்று மொழிகளில் எழுதிய அதன் பெயர்ப்பலகை கட்டடத்தைவிடச் சற்று நீளமானது. மழை வந்தால் பலகையின் கீழே நாலைந்து பேர் ஒதுங்கலாம். சபை மக்களுக்கு நேரடியாகச் செய்யும் சேவை அது ஒன்றுதான் என்று கடைத்தெருவில் சிலர் சொல்வார்கள். அது பொறாமை. சபைக்கு வேறு பணிகளும் உண்டு. அவற்றில் தலையாயது காலைப் பெரட்டு.

தோட்டத்தில் பெரட்டு என்றால் எல்லோருக்கும் தெரியும். விடிந்ததும் தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கு பெயர் கூப்பிடுவார், ஆட்கள் குரல் கொடுப்பார்கள், இன்று எந்த மலையில் கொழுந்து என்று கேட்டுக்கொண்டு கலைவார்கள். சபையின் பணிப்பாளர் சோமசுந்தரத்தின் தகப்பனார் ஒரு காலத்தில் கண்டாக்காக இருந்தவர். அந்தப் பரம்பரை நினைவில் மகனும் சபையில் பெரட்டு வைத்தார். அங்கே பெயர் கூப்பிட ஆட்கள் அவ்வளவாக இல்லை. ஆகவே மின்னஞ்சல்களைக் கூப்பிட்டார்கள்.

இந்த முறை கொஞ்சம் விளக்கத்துக்கு உரியது. காலையில் உத்தியோகத்தர்கள் நடைபாதையில் வரிசையாக நிற்பார்கள். தலைமைக் கிளார்க் நாகரத்தினம் முதல்நாள் வந்த மின்னஞ்சல்களின் தலைப்புகளை மட்டும் உரக்க வாசிப்பார். "கூரைத்தகடு சம்பந்தமாக!" என்பார். யாராவது "நம்ம பிரிவுங்க" என்று சொன்னால் அந்த மின்னஞ்சல் வந்துவிட்டதாகப் பொருள். அதன் பிறகே அது திறக்கப்படும். யாரும் வாய் திறக்காவிட்டால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் கூப்பிடுவார். அப்போதும் குரல் எழாவிட்டால், அந்த மின்னஞ்சல் பெரட்டுக்கு வரவில்லை என்று முடிவாகும். ஆப்சென்ட் போடப்படுவது மின்னஞ்சலுக்குத்தான். அது திறக்கப்படாமலே பெட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். "நம்ம பிரிவுங்க" என்று சொல்கிறவர் தலையில்தான் வேலை விழும் என்பதால் நடைபாதையில் எப்போதும் ஆழ்ந்த அமைதி நிலவும். அலுவல் நிமித்தம் வந்த வெளியாட்கள், யாரோ இறந்துவிட்டார் என்று நினைத்துத் தாங்களும் தலைகுனிந்து நின்றதுண்டு.

அனுப்பியவர்களுக்குக் குறை வைக்கவில்லை. "தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. உரிய கவனம் செலுத்தப்படும்" என்று ஒரு தானியங்கிப் பதில் அந்த நொடியே பறந்துவிடும். சபையில் தாமதமில்லாமல் நடக்கிற காரியம் அது. மனிதக் கை படாததால் நடந்தது.

ஜீவராணிக்கு விசாரணை மேசையில் வேலை. வருகிறவர்களிடம் "இன்னும் வரலங்க" என்று சொல்வது அவளுடைய கடமை. அதை அவள் மனச்சாட்சியோடு செய்தாள், ஏனென்றால் அது உண்மை என்றே நம்பினாள். மாலையில் மஸ்கெலியா பஸ்ஸில் ஏறி எல்லன்வில் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் இறங்கி, ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைவீடுகளின் வரிசையான தன் சொந்த லயத்துக்கும் அதையே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. முதலில் விரல் நுழைந்தது. பிறகு கை நுழைந்தது. இந்த வருடம் பக்கத்து ஒற்றையறைக் காம்பராவில் குடியிருக்கும் வீரம்மாவின் கோழி ஒன்று நுழைந்து திரும்பி வரவில்லை. மண்சரிவு ஆய்வுக்காரர்கள் எப்போதோ வந்து முளை அடித்து, அளந்து, படமெடுத்து, "அறிக்கை ஒங்க சபைக்கு மெயில்ல வரும், அத வெச்சு ஒங்கள மாத்துவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து வீரம்மாவுக்கு ஒரே கேள்விதான்.

"என்னா ராணி, எங்க ரிப்போட்டு இன்னிக்காவது வந்துச்சா?"

"இன்னும் வரலக்கா."

"நடந்தா வருது? அளந்துட்டுப் போனவன் கல்யாணம் கட்டி புள்ளையும் பெத்துட்டானாம். மெயிலு வரல!"

இப்படி இருக்கையில், கொழும்புத் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. டிஜிட்டல் வாரத்தை முன்னிட்டு ஒவ்வோர் அலுவலகமும் ஏதாவது ஒரு புதிய கணினி வசதியைப் பரீட்சித்துப் பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பாத அலுவலகத்தின் பணிப்பாளர் நேரில் வந்து விளக்கமளிக்க வேண்டும். இந்தக் கடைசி வரி தலைப்பிலேயே இருந்ததால் அது ஒரே பெரட்டில் வந்து சேர்ந்தது.

நாகரத்தினம் ஜீவராணியைக் கூப்பிட்டார். "நீங்கதாம்மா வயசுல கொறஞ்ச ஆளு. ஏதாவது ஒண்ண போட்டுப் பாருங்க. செலவு வரக்கூடாது. ஒண்ணும் மாறவும் கூடாது."

அவள் இலவசமாகக் கிடைத்த ஒரு துணைச்செயலியைத் தேர்ந்தாள். மின்னஞ்சல் பெட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, பெட்டிக்குள் தேடுவதை எளிதாக்குகிற சின்ன நிரல் அது. அது வேலை செய்கிற விதம் அழகானது. பெட்டியோடு கூடப் பிறந்த பழைய தேடல், நாம் கேட்ட பிறகுதான் எழும்பித் தேடத் தொடங்கும். அதுவும் எழுதிய சொல் அப்படியே இருந்தால்தான் எடுத்துத் தரும். 'வீடு' என்று கேட்டால், 'வீட்டுக்கு' என்று எழுதியவரை அதற்கு அடையாளம் தெரியாது. புதியது முதல் நாளே பெட்டியில் உள்ள அத்தனையையும் வாசித்துவிடுகிறது. இணைப்புகளையும், கைபேசியில் படமெடுத்து அனுப்பிய பக்கங்களையும்கூட விடுவதில்லை. வாசித்தபடியே, எந்தச் சொல் எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்று தனக்குள் குறித்து வைத்துக்கொள்கிறது. தடித்த புத்தகங்களின் கடைசியில் சொல்லையும் பக்க எண்ணையும் போட்டிருப்பார்களே, அதே உத்திதான். ஆகவே நாம் கேட்கும்போது அது தேடப் போவதில்லை. ஏற்கெனவே தேடி முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. வந்து சேர்ந்ததை வரவில்லை என்று தீர்மானிக்கும் ஓர் அலுவலகத்துக்குள், கேட்பதற்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருக்கும் ஒரு பொருள் நுழைந்துவிட்டதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் ஜீவராணி சும்மா ஒரு பரீட்சைக்காக 'எல்லன்வில்' என்று தட்டினாள். விரலை எடுப்பதற்குள் வந்து நின்றது. தலைப்பு: 'அறிக்கை'. திறக்கப்படாதது. முந்தின வருடத்து மாரிக்கு முன்பே வந்தது. 'வெடிப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்த லயத்தில் உள்ள குடும்பங்கள் தாமதமின்றி அப்புறப்படுத்தப்பட வேண்டும்.' அதன் கீழே சபையின் பதில், அதே நிமிடத்தில் போனது: உரிய கவனம் செலுத்தப்படும்.

அவள் மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு நாகரத்தினத்தின் மேசைக்கு ஓடினாள்.

"சார், எங்க லயத்து ரிப்போட் கெடைச்சிருச்சுங்க!"

"எங்க?"

"நம்ம பொட்டிக்குள்ளதாங்க. எப்பவோ வந்திருக்கு."

நாகரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வந்திருக்க முடியாதும்மா. 'அறிக்கை'ன்னு நானே என் வாயால மூணு நாள் கூப்புட்டேன். ஞாபகம் இருக்கு. வரல."

"இதோ இருக்குங்களே சார்."

"இருக்கிறது வேற. வர்றது வேற. நீங்க இருபத்தஞ்சு வருசம் இங்க வேல பாத்தீங்கன்னா அந்த வித்தியாசம் தன்னால வெளங்கும்."

விஷயம் பணிப்பாளரிடம் போனது. சோமசுந்தரம் அறிக்கையைப் பார்க்கவில்லை. அது கிடைத்த விதத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருடைய முகம் வெளிறியது. "அப்ப இது எல்லாத்தையும் எடுக்குமா? நான் எழுதினதையுமா?" எடுக்கும் என்று ஜீவராணி பெருமையோடு சொன்னாள். அன்று பிற்பகலே எல்லோரும் மேல்மாடி மண்டபத்துக்கு அழைக்கப்பட்டார்கள்.

பளபளக்கும் தரையும், குளியலறைகளும், விருந்து சமைக்க ஒரு குசினியும் கொண்ட பெரிய மண்டபம் அது. சோமசுந்தரம் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"உத்தியோகத்தர்களே, மக்கள் நம்ம மேல வெச்சிருக்கிற நம்பிக்கை என்னா? இவங்க தேடிக்கிட்டு இருக்காங்கங்கிற நம்பிக்கை. அந்த நம்பிக்கைய இத்தன வருசமா நாம கெடுத்ததே இல்ல. இன்னிக்கு ஒரு மெஷினு கண்ண மூடித் தெறக்கிறதுக்குள்ள எடுத்துக் குடுக்குது. அப்ப நீங்க இத்தன வருசம் என்னா செஞ்சீங்கன்னு நாளைக்கு மக்கள் கேப்பாங்க. கேக்கட்டும்! கேள்விக்கு நான் பயந்தவன் இல்ல. என்கிட்ட பதில் இல்ல, அவ்வளவுதான்."

கைதட்டல்.

"இன்னொண்ணு. ஒரு பொருள் தொலைஞ்சிருந்தா எல்லாருக்கும் பொறுப்பு. கெடைச்சிட்டா, கண்டெடுத்தவனுக்கு மட்டுந்தான் பொறுப்பு. நம்ம ஊழியர் ஒருத்தர் தலையில அவ்வளவு பாரத்த ஏத்த என் மனசு எடங்குடுக்காது."

இங்கே அவர் ஜீவராணியைப் பரிவோடு பார்த்தார். அவளுக்குக் கண் கலங்கியது. பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான், அறிக்கைக்கு என்ன ஆகும் என்று அவர் சொல்லவே இல்லை என்பது உறைத்தது.

மறுநாள் போய்க் கேட்டாள். பணிப்பாளர் பொறுமையாக விளக்கினார்: துணைச்செயலி இன்னும் உத்தியோகபூர்வமாகத் திறந்து வைக்கப்படவில்லை. திறந்து வைக்கப்படாத ஒன்று கண்டுபிடித்தது செல்லாது. பாலத்தைத் திறப்பதற்கு முன் அதன் மேல் நடந்து போனவன் ஆற்றைக் கடந்ததாகக் கணக்கில் வருமா?

"அப்ப சீக்கிரம் தெறந்துடலாங்க சார். மழ வரப் போவுது."

"நல்ல நேரம் பாக்கணுமே, தங்கச்சி."

நல்ல நேரம் பார்த்தார்கள். பிரதம அதிதியாக ஓர் அரசியல்வாதி நுவரெலியாவிலிருந்து வந்தார். மேளமும் மாலையும் பஸ் நிலையத்திலிருந்தே தொடங்கின. மேசையில் மடிக்கணினிக்கு மஞ்சள் துணி விரித்து, சந்தனப் பொட்டு வைத்தார்கள்; பொட்டு கெமராவின் கண்ணை மூடிவிட்டது. மூடியைச் சுற்றிக் கட்டிய ரிப்பனை அதிதி கத்தரித்தார். முதல் சொல்லை அவரே தேட வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரல். என்ன சொல் என்று அதிதி யோசிக்கவே இல்லை. தன் பெயரைத் தட்டினார்.

மக்கள் அவருக்கு எழுதி, சபைக்கும் பிரதி அனுப்பியிருந்த மின்னஞ்சல்கள் நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தன. பின்சுவரின் பெரிய திரையில் எல்லோருக்கும் தெரிந்தது. துணைச்செயலிக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு: தேடிய சொல்லின் பக்கத்தில் அடிக்கடி வருகிற சொற்களையும் தொகுத்து ஓரத்தில் காட்டும். அதிதியின் பெயருக்குப் பக்கத்தில் அது 'நினைவூட்டல்' என்று காட்டியது. அடுத்து 'மீண்டும் நினைவூட்டல்'. அடுத்து 'இறுதி நினைவூட்டல்'. அதற்கும் அடுத்து 'தயவுசெய்து'.

அதிதி திரையைப் பார்த்தார். கைகூப்பினார்.

"எங்க மக்கள் என்னைய எத்தன தடவ நெனைச்சிருக்காங்கன்னு இந்த மெஷினு காட்டிருச்சு. இதுக்கு மேல எனக்கு என்னா வேணும்?"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. மதியச் சாப்பாடு மிக நன்றாக இருந்தது.

துணைச்செயலி திறக்கப்பட்டுவிட்டதால் இனி அதைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. மறுநாளே தேடல் குழு அமைக்கப்பட்டது. தலைவர் சோமசுந்தரம், செயலாளர் நாகரத்தினம், இரண்டு அங்கத்தவர்கள், குறிப்பெடுக்க ஜீவராணி. குழு இரண்டே விதிகளை இயற்றியது. முதலாவது: குழு அனுமதித்த சொல்லைத் தவிர வேறு சொல்லை யாரும் தேடக் கூடாது. இரண்டாவது: குழு மேல்மாடி மண்டபத்தில் மட்டுமே கூடும். இரண்டாவது விதிக்குக் காரணம், மண்டபத்தில் மட்டும்தான் கதிரைகளுக்கு மெத்தை இருந்தது.

ஜீவராணி முதல் கூட்டத்திலேயே 'வெடிப்பு' என்ற சொல்லைச் சமர்ப்பித்தாள்.

"பீதிய கெளப்புற சொல்லு," என்றார் சோமசுந்தரம்.

"அப்ப 'மண்சரிவு'ங்க."

"அது அதவிட மோசம்."

"'ஆபத்து'?"

"தங்கச்சி, ஒரு சபைக்குள்ள இப்படிப்பட்ட சொல்லுங்க நடமாடலாமா? நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன்."

நாகரத்தினம் நல்லதாக ஒன்றைச் சொன்னார்: 'அபிவிருத்தி'. அது ஏகமனதாக நிறைவேறியது. ஜீவராணி அனுமதிக்கப்பட்ட சொல்லைத் தட்டினாள். சபையில் வந்துபோன மின்னஞ்சல்களில் அந்தச் சொல் இல்லாதது அபூர்வம் என்பதால் கிட்டத்தட்டப் பெட்டி முழுவதும் வந்தது. விதி மீறாமல் அவள் ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினாள். குழு எழுந்து தேநீருக்குப் போயிற்று.

நாள்கணக்கில் வாசித்தாள். அப்படித்தான் பணிப்பாளர் தலைமையகத்துக்கு எழுதிய மின்னஞ்சல் ஒன்று கண்ணில் பட்டது. மேல்மாடி மண்டபத்துக்குத் தளஓடும் குளியலறைகளும் குசினியும் எதற்கு என்று தலைமையகம் கேட்டிருக்கிறது. சோமசுந்தரம் பதில் எழுதியிருந்தார்: 'அனர்த்த காலங்களில் பாதிக்கப்படும் தோட்டக் குடும்பங்களை உடனடியாகத் தங்கவைப்பதற்கு. எமது அபிவிருத்திப் பணியின் இதயம் இதுவே.' இதயம் மறுவாரமே அங்கீகரிக்கப்பட்டிருந்தது. பிரதேசத்துத் தஞ்ச நிலையங்களில் ஒன்றாக மண்டபம் பதிவும் ஆகியிருந்தது. அதைப் பதிவு செய்த மடல் மட்டும் பெரட்டுக்கு வரவில்லை.

ஜீவராணி கைபேசியை எடுத்து இரண்டையும் படம் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் வானம் இறங்கிற்று. மவுசாக்கலை நீர்த்தேக்கம் எங்கே முடிகிறது, மழை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மலைச்சரிவில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும் என்று எச்சரிக்கை வந்தது. கிராம சேவகர் குடையோடு லயத்து வாசலில் வந்து நின்றார். நல்ல மனிதர், சிங்களவர், தமிழ் பேசுவார். ஆனால் போக்கிடம் தெரியாமல் தவித்தார். பாடசாலையில் பரீட்சை. கோயில் மண்டபத்துக் கூரை போன காற்றில் பறந்தது பறந்ததுதான்.

"எங்க கொண்டு போறது? சொல்லுங்க பாப்பம்," என்றார்.

ஜீவராணி கைபேசியை நீட்டினாள். கிராம சேவகர் இரண்டு மின்னஞ்சல்களையும் வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். முகம் மலர்ந்தது.

"ஹரி நங்கி! சரி தங்கச்சி, ஒங்க பணிப்பாளர் மாத்தயாவே எழுதியிருக்காரே. லொறிய எடுங்க."

"ஏன்டி ராணி, ஒங்க பெரிய தொர ஏசமாட்டாரா?" என்று கேட்டாள் வீரம்மா, பாத்திர மூட்டையைத் தலையில் ஏற்றியபடி.

"அவரு இதயத்துக்குள்ளதாங்க்கா போறோம்."

தோட்டத்து லொறியில் அடுப்பும், பாயும், ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும், மிச்சக் கோழிகளும் ஹட்டனுக்குப் போயின. சபையின் காவலாளி தடுத்துப் பார்த்தார். கிராம சேவகர் பணிப்பாளரின் எழுத்தைக் காட்டியதும் சாவியைக் கொடுத்தார். மறுநாள் காலை, எல்லன்வில் கீழ்ப்பிரிவில் வெடிப்பு வாய் திறந்தது. மலை வந்து லயத்தின் மேல் உட்கார்ந்தது. வீரம்மாவின் காம்பரா இருந்த இடத்தில் ஒரு தேயிலைச் செடி நிமிர்ந்து நின்றது. உள்ளே ஆள் யாரும் இல்லை.

சோமசுந்தரம் பத்திரிகைக்காரர்களை அழைத்தார். "சபையின் தீர்க்கதரிசனம் உயிர்களக் காப்பாத்திருச்சு" என்றார். குழந்தை ஒன்றைத் தூக்கிப் படமும் எடுத்துக்கொண்டார். குழந்தையைக் கீழே விட்டதும் நாகரத்தினத்திடம் மெதுவாகக் கேட்டார்:

"இவங்க எப்பப் போவாங்க?"

போக இடம் இல்லாதவர்கள் எப்போது போவார்கள் என்று நாகரத்தினத்துக்குத் தெரியவில்லை. வாரங்கள் போயின. மெத்தைக் கதிரைகளில் சேலைகள் காய்ந்தன. ஒலிவாங்கியில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள். ஜீவராணிக்கு வேலைக்கு வர பஸ் தேவைப்படவில்லை. படி இறங்கினால் போதும். கீழே விசாரணை மேசைக்கு ரொட்டி சுடும் வாசனையும் கட்டச் சம்பலின் காரமும் இறங்கி வந்தன. உத்தியோகத்தர்கள் மதியச் சாப்பாட்டை ஹோட்டலில் கட்டுவதை நிறுத்திவிட்டுத் தயக்கத்தோடு மேலே போய்வரப் பழகினார்கள்.

கடைசியில் பணிப்பாளர் முடிவெடுத்தார். மண்டபத்தில் உள்ளவர்களை அகற்றி வேறிடத்தில் குடியமர்த்தும்படி பொறுப்பான நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னார். லயத்து மக்களை வேறிடத்தில் குடியமர்த்தப் பொறுப்பான நிறுவனம் எது என்று நாகரத்தினம் ஆராய்ந்தார். அதிகம் ஆராய வேண்டியிருக்கவில்லை. மின்னஞ்சலைச் சபைக்கே அனுப்பினார். "உரிய கவனம் செலுத்தப்படும்" என்று அந்த நொடியே பதிலும் வந்தது. பணிப்பாளருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

பெரட்டில் நாகரத்தினம் உரக்க வாசித்தார்: "குடும்பங்களை மாற்றிடத்தில் குடியமர்த்தல் தொடர்பாக!"

நடைபாதை மௌனம் காத்தது. "நம்ம பிரிவுங்க" என்று சொன்னால் வீடு தேட வேண்டும், காணி தேட வேண்டும். சோமசுந்தரமும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாம் நாளும் கூப்பிட்டார்கள். மின்னஞ்சல் வரவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தலைமையகத்திலிருந்து தொலைபேசி வந்தது. மண்டபத்தை மீட்க என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? எழுத்தில் அனுப்புங்கள், இன்றைக்கே.

"ஜீவராணி! அந்த மெயில கொஞ்சம் தேடி எடுங்கம்மா. ஒங்க மெஷினுலதான், சட்டுன்னு."

"எடுத்துறலாங்க சார். என்னா சொல்லு போட்டுத் தேடுறதுங்க? 'குடும்பம்'னு போட அனுமதி இல்லைங்களே. 'குடியமர்த்தல்'லும் இல்ல. 'அபிவிருத்தி' மட்டுந்தாங்க இருக்கு. அந்த மெயில்ல அந்தச் சொல்லு இல்ல."

"அப்ப குழுவ கூட்டுங்க. இப்பவே!"

நாகரத்தினம் கூட்டக் குறிப்புக் கோவையை எடுத்துக்கொண்டார். பணிப்பாளர் கோட்டைப் போட்டுக்கொண்டார். விதிப்படி எல்லோரும் மேல்மாடிக்கு ஏறினார்கள். மண்டபத்தில் ஆட்கள் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள்.

"கொஞ்ச நேரம் எல்லாரும் வெளிய போகணும். நாங்க ஒரு கூட்டம் போடணும்," என்றார் சோமசுந்தரம்.

வீரம்மா ஜன்னலுக்கு வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"வெளிய எங்கங்க போறது? நீங்க பாட்டுக்குப் போடுங்க தொர. நாங்க ஓரமா ஒதுங்கி ஒக்காந்துக்கிறோம். எங்களப் பத்தித்தானே பேசப் போறீங்க? ஒரு சொல்லும் பேசாம கேட்டுக்கிட்டு இருக்கோம்."

சொன்னபடியே பாய்களை இழுத்துப் போட்டு, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். மெத்தைக் கதிரைகளிலிருந்து சேலைகளை எடுத்து மடித்து இடம் விட்டார்கள். அத்தனை முகங்களும் பணிப்பாளரின் வாயைப் பார்த்தன.

சோமசுந்தரம் தொண்டையைச் செருமினார். இன்னொரு தடவையும் செருமினார். கோட்டின் பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, திரும்பிப் படியிறங்கினார். மற்ற அங்கத்தவர்களும் இறங்கினார்கள்.

ஜீவராணி குறிப்பெடுப்பவள். கடமையை முடிக்காமல் இறங்க முடியாது. ஒரு மெத்தைக் கதிரையில் உட்கார்ந்து, தேதியிட்டு எழுதினாள்:

'தேடல் குழுக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. காரணம்: சம்பந்தப்பட்ட மக்கள் சமூகமளித்திருந்தமை.'